'மரபணுக் கோளாறு' என்ற தலைப்பைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூலை கடைசியில், உலக ஹெபடைடிஸ் தினத்தை ஒட்டி உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸால் கல்லீரல் கெட்டுப்போனவர்களின் உடலில், நோய் எதிர்ப்புச் சமிக்ஞைகளை நடத்தும் மரபணுக்கள் வேறு விதமாக வேலை செய்கின்றன என்பதுதான் அதன் சாரம். அதுவரை சரி. ஆனால் மேலே பெரிய எழுத்தில் போட்ட தலைப்பு, "கல்லீரல் நோய்க்கு மரபணுக் கோளாறே காரணம்". உள்ளே ஓரிடத்தில் "பரம்பரையாக வரும் இந்நோய்" என்றும் எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, சிவப்புக் கோடு போட்டு, என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கூடவே ஒரு வரி: "டீச்சர், இது பரம்பரையா வரும்னு நீங்க சொல்லவே இல்லையே." எனக்கு இந்த நோய் இருப்பதை முதல் பேச்சிலேயே நான் சொல்லியிருந்தேன். மகளுக்குத் தொற்று இல்லை என்ற ரத்தப் பரிசோதனைத் தாளையும் காட்டியிருந்தேன். அவர்களும் நல்ல மனதோடு, "அதனால என்னம்மா" என்றுதான் சொன்னார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அச்சில் வந்ததை நம்பினார்கள்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு 29 வருடம் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். மூலக்கூறு மரபியல் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. அதில் லாக் ஓபரான் என்று ஒரு பகுதி வரும். ஈ. கோலை பாக்டீரியாவிடம் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் எப்போதும் இருக்கின்றன. ஆனால் பால் சர்க்கரை வந்து சேர்ந்தால்தான் அவை வேலையைத் தொடங்கும், தீர்ந்ததும் நின்றுவிடும். மரபணு அதேதான், அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அது இயங்கும் அளவு மட்டும் ஏறி இறங்குகிறது. இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். உங்கள் செய்தியில் இருந்த ஆய்வும் இதைப் பற்றியதுதான். கல்லீரலில் ஊசி விட்டு எடுத்த சிறு துணுக்கிலோ ரத்த அணுக்களிலோ உள்ள தூது ஆர்.என்.ஏ.வை, அதாவது இயங்கும் மரபணு எடுத்து அனுப்பும் நகலை, அளந்து, எந்த மரபணு எவ்வளவு மும்முரமாக இயங்குகிறது என்று பார்ப்பார்கள். அந்த அளவு ஒரே ஆளிடம்கூட நோயின் கட்டத்துக்குக் கட்டம் மாறும். தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருகிற சொத்து மாதிரி அதை எழுதிவிட்டீர்கள்.

இதை ஒரு பாடப்புத்தகப் பிழையாக மட்டும் பார்த்திருந்தால் ஒரு அஞ்சலட்டையில் முடித்திருப்பேன். இந்த வைரஸ் எங்கள் வீட்டில் அறுபது வருடத்துக்கு மேல் குடியிருந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் தம்பி எனக்குப் பத்து வயது இளையவன். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். 1999இல், 26 வயதில், துபாயில் வேலை கிடைத்து மெடிக்கலுக்குப் போனான். 'அன்ஃபிட்' என்று திருப்பி அனுப்பினார்கள். தாளில் ஒரே ஒரு வரிதான் காரணம்: எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ். வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது என்று பொருள். வளைகுடா நாடுகளுக்குப் போக முயன்ற எத்தனையோ நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பில் இந்த வைரஸ் இருப்பது முதன்முதலில் அப்படித்தான் தெரிய வந்திருக்கிறது. ஏஜென்டுக்குக் கட்டிய பணம் போனது. ஊரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "கேரியர்தான், ஒண்ணும் பண்ணாது, நல்லா சாப்பிடு" என்றார். நோய் இல்லாமல் வைரஸைச் சுமப்பவன் என்று அர்த்தம். அவன் அதை அப்படியே நம்பினான். நானும் நம்பினேன், பாடம் நடத்துகிறவளாக இருந்தும்.

அம்மா மட்டும் விடவில்லை. தினமும் விடியற்காலையில் வாய்க்கால் கரையில் கீழாநெல்லி பிடுங்கி வந்து, அரைத்து மோரில் கலந்து ஒரு மண்டலம் கொடுத்தார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்க்கே கீழாநெல்லியை நம்பிப் பார்த்தவர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்துவிட்டது என்றது அந்தக் கட்டுரை. உலகமே நம் வாய்க்கால் கரைச் செடியைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் தாய்லாந்து போன்ற இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. ஜூலை 28 என்பது பிளம்பெர்க்கின் பிறந்தநாள் என்பதால்தான் ஹெபடைடிஸ் தினமும் அன்றைக்கு வருகிறது.

கீழாநெல்லி குடித்த பிறகு தம்பி யாரிடமும் ரத்தம் காட்டவில்லை. மஞ்சள் இல்லை, வலி இல்லை, காட்டுவதற்குக் காரணமும் தோன்றவில்லை. பதினைந்து வருடம் அப்படியே ஓடிவிட்டது. 2014 சித்திரையில் வலது விலாவுக்குக் கீழே வலி என்றான். ஸ்கேனில் கல்லீரல் சுருங்கி, அதற்குள் பெரிய கட்டி. ஆவணியில் போய்விட்டான். 41 வயது.

சாவு வீட்டுப் பந்தலில் என் காதுபடவே ஒருவர், "குடிச்சுக் குடிச்சு ஈரல் போச்சு" என்றார். என் தம்பி ஒரு நாள்கூடக் குடித்ததில்லை. அன்றைக்குப் பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. இன்றைக்கு உங்கள் தலைப்பு அதே குடும்பத்தின் மேல் இன்னொரு பொய்யை ஒட்டுகிறது. அன்று குடிகாரன் வீடு என்றார்கள், இன்று கெட்ட ரத்தம் உள்ள வம்சம் என்கிறார்கள்.

தம்பி படுக்கையில் இருந்தபோது அந்த மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர், "அம்மாவுக்கும் கூடப் பிறந்தவங்களுக்கும் ரத்தம் பாருங்க" என்றார். பார்த்தோம். அம்மாவுக்கு 72 வயது, பாசிட்டிவ். ஆனால் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதி ரத்தத்தில் சாதாரண அளவு, ஸ்கேனில் கல்லீரல் வழவழவென்று சுத்தமாக இருந்தது. எனக்கும் பாசிட்டிவ். எஸ்.ஜி.பி.டி. இரண்டு மடங்கு, வைரஸ் எண்ணிக்கை லட்சங்களில், கல்லீரலில் தழும்பு விழ ஆரம்பித்திருந்தது. நடுவில் பிறந்த தங்கைக்கு வைரஸ் இல்லை. எப்போதோ வந்ததை அவள் உடம்பே துரத்திவிட்ட தடயமாக எதிர்ப்புப் புரதங்கள் மட்டும் இருந்தன.

நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கியதைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். எங்களுக்குள் இருந்ததும் ஒரே வைரஸ்தான். அம்மாவை அது ஒன்றும் செய்யவில்லை. 79 வயதில் மாரடைப்பில் போனார். தம்பியை அது தின்றுவிட்டது. ஏன் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். நீங்கள் தலைப்பில் கெடுத்துவிட்ட அந்த ஆய்வுத்துறை தேடுவதும் இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆற்றாமை.

இந்த வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. உள்ளே போய்ப் பெருகுகிறது, அவ்வளவுதான். செல்லைக் கொல்வது நம் நோய் எதிர்ப்புப் படைதான். வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் அடிக்கின்றன. செல் உடையும்போது உள்ளேயிருந்த நொதி ரத்தத்தில் கசிவதைத்தான் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று பார்க்கிறோம். அடி பலமாகவும் குறியாகவும் இருந்தால் சில மாதங்களில் வைரஸ் ஒழிந்துவிடும். என் தங்கைக்கு நடந்தது அதுதான். அடி அரைகுறையாக வருடக்கணக்கில் நீண்டால் வைரஸும் ஒழியாது, கல்லீரலும் தேறாது. உடைந்த இடத்தில் தழும்பு, அதன் மேல் தழும்பு, கடைசியில் சுருக்கம், சிலருக்குப் புற்றுநோய்.

இந்தப் படை சமிக்ஞைகளை வைத்துத்தான் நகர்கிறது. சாதாரணமாக ஒரு வைரஸ் செல்லுக்குள் நுழைந்தால் அந்தச் செல் சும்மா இருக்காது. இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். திருடன் புகுந்த வீட்டுக்காரர் கத்தினால் தெருவே கதவைத் தாழிட்டுக்கொள்வது மாதிரி, பக்கத்துச் செல்கள் அந்தக் குரல் கேட்டு நூற்றுக்கணக்கான காப்பு மரபணுக்களை இயக்கிவிடும். ஹெபடைடிஸ் பி விஷயத்தில் அந்தக் குரலே கேட்பதில்லை. அமெரிக்காவில் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஃபிரான்சிஸ் சிசாரியின் குழு, வைரஸ் செலுத்தப்பட்ட சிம்பன்சிகளின் கல்லீரல் துணுக்குகளில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை அளந்து பார்த்தது. 2004இல் அதன் முடிவுகள் வந்தன. ஹெபடைடிஸ் பி வைரஸ் வாரக்கணக்கில் கல்லீரல் முழுக்கப் பரவியபோது, அதற்குப் பதிலாக ஒரு மரபணுகூட எழவில்லை. டி செல்கள் வந்து சேர்ந்து வைரஸை விரட்டத் தொடங்கியபோதுதான் மரபணுக்கள் கூட்டமாக விழித்தன. இதே சிம்பன்சி இனத்தில் ஹெபடைடிஸ் சி வைரஸைச் செலுத்தியபோது ஆரம்பத்திலேயே இன்டர்ஃபெரான் வழி மரபணுக்கள் எழுந்தன என்பதையும் அதே குழுதான் காட்டியது. பி வைரஸ் வெறுமனே ஒளிந்துகொள்கிறதா, கத்துகிற வாயைப் பொத்துகிறதா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது.

குழந்தைகளின் கதை இன்னும் மோசம். பிறக்கும்போதோ முதல் வருடத்திலோ தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களானபின் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். வைரஸ் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பச்சைக் குழந்தையின் எதிர்ப்புப் படை இன்னும் பழகவில்லை, அதைத் தன் வீட்டு ஆள் என்றே எண்ணிச் சகித்துக்கொள்கிறது. இருபது, முப்பது வயதுக்குப் பிறகு ஒருநாள் சண்டையைத் தொடங்கும். அப்போது டி செல்கள் களைத்துப்போயிருக்கும். அவற்றின் மேல் பி.டி.-1 என்ற தடைப் புரதம் மிகுந்திருக்கும். இந்தப் புரதத்தை 1992இல் கண்டறிந்த ஜப்பானியர் தாசுகு ஹோஞ்சோவுக்கு 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. களைத்த படை அரைகுறையாக அடிக்கும். என் தம்பியின் பதினைந்து வருட மௌனத்தில் நடந்தது இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

'கேரியர்' என்ற சொல் எவ்வளவு பொல்லாதது என்று இதிலிருந்தே தெரியும். பாசிட்டிவ் என்ற ஒரு வரி, வைரஸ் இருப்பதை மட்டும்தான் சொல்கிறது. படை தூங்குகிறதா, சண்டை நடக்கிறதா, தழும்பு எவ்வளவு என்று அது சொல்லாது. அம்மாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி ஒன்றுபோலவே இருந்தது. அதைப் பார்த்து "ஒண்ணும் பண்ணாது" என்று யாரும் சொல்லிவிட முடியாது. கூடவே எஸ்.ஜி.பி.டி., வைரஸ் எண்ணிக்கை, ஸ்கேன் எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்துவிட்டு நிறுத்தாமல் தொடர்ந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் படை எப்போது விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. யாருடைய படை விழித்துக்கொண்டிருக்கிறது, யாருக்குக் கல்லீரல் சுருங்கப் போகிறது என்று ரத்தத்திலிருந்தே முன்கூட்டிக் கண்டுகொள்ள முடியுமா என்றுதான் இந்த மரபணு வெளிப்பாட்டு ஆய்வுகள் முயல்கின்றன. இப்படிப்பட்ட ஒரு சோதனை 1999இல் என் தம்பி கையில் இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

அப்படியானால் பரம்பரைக்கு எந்தப் பங்கும் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு உண்டு. 2009இல் ஒரு ஜப்பானியக் குழு, எச்.எல்.ஏ.-டி.பி. என்ற எதிர்ப்பு மரபணுக்களில் உள்ள சிறு வேறுபாடுகள், வைரஸ் நிரந்தரமாகத் தங்குமா என்பதைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கின்றன என்று காட்டியது. ஆனால் அந்த வேறுபாடு உள்ளவரின் உடம்புக்குள் வைரஸே நுழையாவிட்டால் அவருக்கு இந்த நோய் கிடையாது. குடும்பத்தில் பலருக்கு இது இருப்பதற்குப் பெரிய காரணம் வம்சம் அல்ல, பிரசவம். தாயின் ரத்தம் குழந்தைமேல் படுகிற அந்த நேரம். அதற்குப் பிறகு ஒரே சவரக் கத்தி, கொதிக்க வைக்காத ஊசி, காது குத்துகிற ஊசி. ஒரே தட்டில் சாப்பிட்டால், கட்டிப்பிடித்தால், தும்மினால் இது பரவாது. என் மகள் 1996இல் பிறந்தபோது எனக்கு இது இருப்பது யாருக்கும் தெரியாது. நல்லவேளையாக அவளுக்கு வரவில்லை. 2014இல் அவளுக்கு மூன்று தடுப்பூசியும் போட்டு, எதிர்ப்புப் புரதம் போதிய அளவு வந்துவிட்டதா என்றும் பார்த்துவிட்டேன். அவளுக்கு வரப்போகும் கணவனுக்கோ பிள்ளைகளுக்கோ அவளிடமிருந்து வருவதற்கு எதுவுமே இல்லை.

பரம்பரை என்று எழுதினால் என்ன கெடுதல் என்று உங்கள் உதவி ஆசிரியருக்குத் தோன்றலாம். வம்சத்தில் வருவதென்றால் தடுக்க முடியாது, மறைக்கத்தான் முடியும் என்று ஜனங்கள் நினைப்பார்கள். ரத்தம் பார்க்க வர மாட்டார்கள். இதுவோ ஊசியால் தடுக்கக்கூடிய நோய். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி, அப்புறம் மற்ற தவணைகள். தாய் பாசிட்டிவ் என்றால் குழந்தைக்குக் கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசி. தைவான் 1984இலேயே பாசிட்டிவ் தாய்மார்களின் குழந்தைகளுக்கும், 1986இலிருந்து பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் போடத் தொடங்கியது. பத்து வருடத்தில் அங்கே 6 முதல் 14 வயதுக் குழந்தைகளிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. நம் நாட்டில் இந்த ஊசி ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் உள்நாட்டிலேயே தயாரித்த பிறகுதான் விலை இறங்கியது. இதையும் சேர்த்துத் தருகிற ஐந்து நோய்த் தடுப்பூசி, இந்தியாவிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கியது. நம் பிள்ளைகளுக்குக் காப்பு வந்துவிட்டது. முப்பது வயதைத் தாண்டிய நம்மில் பெரும்பாலோர்தான் ஊசியும் போடாமல், ரத்தமும் பார்க்காமல் இருக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் வருட அறிக்கைப்படி, உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள். அதில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியர்கள். உலக அளவில் தனக்கு இது இருப்பது தெரிந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான். மற்றவர்கள் எல்லாம் 1999க்கு முந்தைய என் தம்பிகள்.

நான் 2015இலிருந்து தினமும் ராத்திரி ஒரு டெனோஃபோவிர் மாத்திரை போடுகிறேன். அது வைரஸை வேரோடு எடுக்காது. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் டி.என்.ஏ. வளையமாகப் பதுங்கிக் கிடக்கும், அதை எட்டும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் வைரஸ் பெருகுவதை மாத்திரை நிறுத்திவிடுகிறது. சண்டை ஓய்ந்தது. இரண்டு வருடத்தில் என் எஸ்.ஜி.பி.டி. சாதாரண அளவுக்கு வந்தது. வைரஸ் எண்ணிக்கை இப்போது கருவிக்குத் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. தழும்பும் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். 2018இல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்த பிறகு, பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனையிலேயே இலவசம். வரிசையில் நிற்கும்போது பார்க்கிறேன், பலர் முகத்தை மூடிக்கொண்டு வருகிறார்கள். ஒரு பெண் போன மாதம் என்னிடம், "அக்கா, என் மாமியாருக்குத் தெரியாம வந்திருக்கேன், ரெண்டு மாசத்துக்குச் சேர்த்துத் தருவாங்களா" என்று கேட்டாள். உங்கள் தலைப்பை அவள் மாமியாரும் படித்திருக்கக்கூடும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அதே மருத்துவப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். ஹெபடைடிஸ் பி ஒரு தொற்று, பரம்பரை நோய் அல்ல என்றும், ஆய்வில் மாறியிருப்பதாகச் சொன்னது மரபணுக்களின் இயக்கம்தான் என்றும் எழுதுங்கள். கீழே இரண்டு வரியில், வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லாரும் ரத்தம் பார்க்க வேண்டும், அரசு மருத்துவமனையில் அது இலவசம் என்றும் சேருங்கள். என் கடிதத்தைப் போட இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, திருத்தம் வந்தால் போதும்.

மகளின் பொருட்டு என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் வெளியாகும் நாளில் அந்த நறுக்கை நானே படம் எடுத்து, சிவப்புக் கோடு போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.